அறுபத்தைந்து கிலோ

உடம்பு இளைக்க வேண்டுமா, தண்ணீர் குடியுங்கள் என்று ஊரே உபதேசம் செய்துகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. சிவரஞ்சனிக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. கல்யாணம் நிச்சயமான புதிதில் செல்போனில் ஒரு பெண் தினமும் வந்து கணக்குச் சொல்வாள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு லிட்டர், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அரை மணி முன்னால் அரை லிட்டர், ஆக மொத்தம் நாளைக்கு இவ்வளவு என்று. ரஞ்சனியும் மடக்மடக்கென்று குடித்தாள். மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. முகூர்த்தப்புடவை எடுக்கப்போன கடையில் மதினிமார் எல்லாம் அவள் இடுப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அந்த ஆறு கிலோவை நினைத்தால் இப்போது அவளுக்கு வயிறு எரிகிறது.

ஏனென்றால் இப்போது சாத்தூரில் எடை உள்ளவருக்குத்தான் தண்ணீர். ஆறும் போய், ஆழ்குழாயும் உப்பாகி, கடலிலிருந்து சுத்தம் செய்து அனுப்புகிற தண்ணீரைப் பங்கு போட்டுக் குடிக்க வேண்டிய நிலைமை வந்தபோது, படித்தவர்கள் கூடிப் பேசினார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பது அநியாயம், உடம்புக்குத் தக்கபடி கொடுப்பதுதான் நியாயம் என்றார்கள். ஒரு கிலோ உடம்புக்கு நாளைக்கு முப்பத்தைந்து மில்லி என்று பழைய ஆரோக்கியக் கட்டுரைகளில் ஒரு கணக்கு கிடந்தது. அதைத் தூசி தட்டி எடுத்துச் சட்டமாக்கினார்கள். மில்லி மில்லியாகக் கணக்குப் பார்ப்பது தொல்லையாக இருக்கவே, பிறகு மின்கட்டணத்துக்குப் போடுவதுபோல அதைப் படிகளாக வெட்டினார்கள். நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே ஒரு லிட்டர். ஐம்பத்தைந்து வரை ஒன்றரை. அறுபத்தைந்து வரை இரண்டு. அறுபத்தைந்தைத் தொட்டுவிட்டால் இரண்டரை. குடிக்க, சமைக்க எல்லாம் அதற்குள்தான். குளிக்கவும் துவைக்கவும் உப்புத்தண்ணீர் தனிக் குழாயில் வரும், அதை நாய்கூடக் குடிக்காது.

நோயாளி, கர்ப்பிணி என்று யாருக்கும் சலுகை கிடையாது. முதலில் இருந்தது. டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் கூடுதல் தண்ணீர் என்றார்கள். ஆறே மாதத்தில், சான்றிதழ்ப்படி பார்த்தால், மாவட்டத்து ஆம்பிளைகளில் பாதிப்பேர் மாசமாக இருந்தார்கள். அதோடு சான்றிதழை ஒழித்துவிட்டு, இனிமேல் தராசு ஒன்றுதான் சாட்சி என்று சொல்லிவிட்டார்கள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை எடை. அன்றைக்குத் தராசு என்ன சொல்கிறதோ அதுதான் அடுத்த எடை வரைக்கும் பங்கு. குடும்பத்தின் மொத்தப் பங்கும் தினமும் காலை ஆறு மணிக்கு வீட்டுக் குழாயில் வந்து நின்றுவிடும். நீர்ப்பங்கு நிலையம் என்று பலகையில் எழுதியிருந்தாலும் சனங்கள் அதைத் தராசுக்கடை என்றுதான் சொன்னார்கள். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் படிப்பையும் வேலையையும் கேட்டுவிட்டு, மெல்ல, பையன் எத்தனையாவது படி என்று விசாரித்தார்கள்.

ரஞ்சனி நாற்பத்தேழு கிலோ. அவள் கணவர் முனீஸ்குமாருக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. அப்போது அவர் எழுபத்தெட்டு கிலோ. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். நாளைக்கு எழுநூறு மில்லிக்கு மேல் ஒரு சொட்டு குடிக்கக்கூடாது என்று உத்தரவு. தண்ணீர் டிரம்முக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, நாலு வருஷமாகக் கட்டிய புருஷனுக்கே காவல்காரியாக இருந்தவள் ரஞ்சனி. ஒருமுறை கொப்பளித்த தண்ணீரை அவர் துப்பாமல் விழுங்கியதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் அந்த வீடு தாகமில்லாமல் ஓடியதும் அவரால்தான். அவர் பெயரில் வருவது இரண்டரை லிட்டர், குடிப்பதோ எழுநூறு மில்லி. மிச்சம் வீட்டுக்கு. தெருவில் சிலர் அதைச் சொல்லிப் பொறாமைப்பட்டதுகூட உண்டு. மனுஷனுக்கு எதற்கெல்லாம் பொறாமை வருகிறது பாருங்கள்.

அந்தச் சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும், மிஷின் பார்க்கும் சம்சுதீன் ரஞ்சனியைத் தனியாகக் கூப்பிட்டான். நாலு வருஷமாக முனீஸுக்கு ஊசி குத்துகிறவன்.

"அக்கா, அண்ணனோட டிரை வெயிட்டைக் குறைச்சிருக்கேன். தண்ணியெல்லாம் எடுத்த பெறகு நிக்கிற எடை இருக்குல்ல, அது. அறுபத்தொண்ணுன்னு வச்சிருந்தோம். இப்ப அம்பத்தெட்டு."

"மூணு கிலோ எங்க தம்பி போச்சு?"

"சதை போயிருக்குக்கா. சாப்பாடு செல்லலையோ என்னமோ. முட்டை குடுங்க."

ரஞ்சனியின் மனசு முட்டையில் நிற்கவில்லை. போன மாதம் வரைக்கும் எடை வெள்ளிக்கு முந்தின வியாழனை மட்டும் எப்படியோ தட்டிக்கழித்துவிட்டு, உடம்பில் ஏறிய நாலு கிலோத் தண்ணீரோடு அவரைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அறுபத்தொன்றும் நாலும் அறுபத்தைந்து. இப்போது ஐம்பத்தெட்டு. வருகிற வெள்ளி எடை.

"தம்பி, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கேன். ஒருத்தர் ஏழு கிலோ தண்ணி ஏறி வந்துட்டாருன்னா எடுத்துரலாம்ல?"

சம்சுதீன் கையுறையைக் கழற்றிக்கொண்டே அவளைப் பார்த்தான்.

"ஒரே தடவையில நாலு கிலோவுக்கு மேல எடுத்தா நெஞ்சு தாங்காதுக்கா. ஏழுன்னா ரெண்டு நாளா எடுக்கணும். அதுவே எனக்குப் பயம். அதுக்கும் மேல ஏறுச்சுன்னா, மிஷினுக்கு வாறதுக்கு முன்னாடியே நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். எதுக்குக் கேக்கீக?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு இடம் போட்டு வைங்க. சனிக்கிழமையும் வாரோம்."

"செவ்வாய்? வியாழன்?"

ரஞ்சனி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "மாசாமாசம் வியாழனுக்கு டிமிக்கி குடுக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீக. எங்க வீட்லயும் மூணு புள்ளைக. தராசுக்கடைக்கு நாங்களும்தான் போறோம்" என்றான். பிறகு வெள்ளிக்கிழமைத் தாளில் முனீஸின் பெயரை எழுதினான்.

அன்று சாயங்காலம் முனீஸ் வீட்டில் நாற்காலியில் சாய்ந்து, பாதி எலுமிச்சையைச் சப்பிக்கொண்டிருந்தார். தாகம் எடுக்கும்போது அதுதான் அவருக்கு அனுமதி.

"சம்சு என்ன சொன்னான்?"

"அம்பத்தெட்டாம்."

அவரும் கணக்குப் போட்டார். இந்த ஊரில் எல்லோருக்கும் அந்தக் கணக்கு மனப்பாடம். "அப்ப ரெண்டு லிட்டருதான்."

"ஆமா."

"நாளைக்கு மகி வாராளே."

மகிழினி அவர்களுடைய ஒரே மகள். தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தது. மறுநாள் அங்கே வளைகாப்பு, முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். காலம் எவ்வளவோ மாறிவிட்டது, இது மட்டும் மாறவில்லை. ஆனால் பிள்ளைத்தாய்ச்சியை அழைத்து வரலாம், அவள் பங்கை அழைத்துவர முடியாது. அவள் பெயர் மாமியார் வீட்டு அட்டையில் இருந்தது. அங்கே குழாயில் வருகிற தண்ணீர் அங்கேதான். மாற்றல் மனு போட்டால் மூன்று மாதம் ஆகும், அதற்குள் பிள்ளையே பிறந்துவிடும். பிரசவத்துக்கு வருகிற பெண்கள் எல்லோருக்கும் இதே கதிதான். வளைகாப்புக்குச் சோறு கிண்டுவதற்கு முன்னால் பெண்ணைப் பெற்றவர்கள் தராசைத்தான் யோசித்தார்கள்.

"ஸ்கேன்ல பனிக்குட நீர் குறைவா இருக்காம். மூணு லிட்டர் குடிக்கச் சொல்லியிருக்காக டாக்டரம்மா. வத்திருச்சுன்னா பிள்ளைக்கு ஆகாதாம்" என்றாள் ரஞ்சனி. "இங்க வந்தா ஒரு லிட்டர் குடுக்கதே பெரும்பாடு. சோறு பொங்கணும், குழம்பு வைக்கணும்."

முனீஸ் எலுமிச்சைத் தோலைத் தட்டில் வைத்தார். "ஏழு கிலோ தானே? ஏத்திருவோம்."

"விளையாட்டா இருக்கா உங்களுக்கு?"

"ஏ புள்ள, தெருவுல உள்ளவன் பூராவும் மூணு லிட்டரக் குடிச்சிட்டுத் தராசுக்கடைக்குப் போறான். தராசுக்காரன் மூணு மணி நேரம் உக்கார வச்சு, கக்கூசுக்கு அனுப்பிட்டுத்தான் ஏத்துறான். குடிச்சதெல்லாம் அங்கேயே போயிருது. எனக்கு அந்தக் கவலையே இல்ல பாரு. நாலு வருசமா ஒரு சொட்டு வெளிய போனதில்ல. ஊருக்குள்ள தண்ணியச் சேத்து வைக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான்."

அவர் சிரித்தார். ரஞ்சனிக்குச் சிரிப்பு வரவில்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர் முன்வந்து சொல்லட்டும் என்றுதான் டயாலிசிஸ் முடிந்து வந்ததிலிருந்தே காத்திருந்தாள். அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது.

"மகிக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அவ ஒரு வாய் குடிக்க மாட்டா" என்றார்.

"செவ்வாக்கிழமை மிஷினுக்குப் போகலன்னா கேப்பாளே?"

"போவோம். பையத் தூக்கிட்டு ரெண்டு பேரும் வழக்கம்போலக் கெளம்புவோம். நாலு மணி நேரம் எங்கயாச்சும் இருந்துட்டு வருவோம். அம்புட்டுதானே?"

ஞாயிற்றுக்கிழமை மகி வந்து இறங்கினாள். கை நிறைய வளையல், கழுத்தில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிப்போனது. "என்னப்பா இப்படி மெலிஞ்சு போயிட்டீங்க?" என்றாள். மறுநாளிலிருந்து ரஞ்சனி தினமும் காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி அவள் கட்டில் பக்கத்தில் வைத்தாள். "இது உனக்கு. ஒரு சொட்டு மிச்சம் வைக்கக்கூடாது" என்று கறாராகச் சொன்னாள். சாயங்காலம் பாட்டில் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் மகியின் உதடு வெடித்திருந்தது. "எல்லாத்தையும் குடிச்சிட்டியா?" என்று கேட்டால், "குடிச்சிட்டேன்மா" என்பாள். வெயில் அப்படி என்று ரஞ்சனி நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை இருவரும் டயாலிசிஸ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். போய் உட்கார்ந்தது பழைய பேருந்து நிலையத்தில். பேருந்துகள் புறவழிச்சாலையோடு போய்விட ஆரம்பித்த பிறகு அங்கே யாரும் வருவதில்லை. சிமெண்டு பெஞ்சும் நிழலும் மட்டும் மிச்சம் இருந்தன. ரஞ்சனி பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். அவளுடைய பங்கில் மிச்சம் பிடித்த தண்ணீர். கூடவே ஒரு எவர்சில்வர் தம்ளரும் கொண்டுவந்திருந்தாள்.

முதல் தம்ளரை நிரப்பி நீட்டினாள். முனீஸ் உடனே குடிக்கவில்லை. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அண்ணாந்து ஊற்றினார். தொண்டை ஏறி ஏறி இறங்கியது.

"மெதுவாக் குடிங்க. யாரும் பிடுங்கிட்டுப் போகப்போறதில்ல."

"நாலு வருசமா நீதானடி பிடுங்கிட்டுப் போன."

ரஞ்சனிக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். யாரும் இல்லாத பேருந்து நிலையத்தில் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"எப்படி இருக்கு?"

"பல்லு கூசுது. காதுக்குள்ள கூட ஜில்லுன்னு இருக்கு. ரஞ்சனி, தொண்டை நனையிறதுக்கும் வயிறு நெறையிறதுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு தெரியுமா? அங்க போயி நாலு வருசமாச்சு. இன்னொண்ணு ஊத்து."

ஊற்றினாள். அவர் குடிப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. மகியைப் பெற்றுப் பால் கொடுத்தபோதுதான் கடைசியாக அப்படி இருந்தது. கல்யாணமான புதிதில் திருச்செந்தூர் போனது, கடலில் அவளுடைய செருப்பு போனது, மகி முதல்முதலாக நடந்தது என்று நாலு மணி நேரமும் பேசினார்கள். டயாலிசிஸ் வந்த பிறகு அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அளவும் தேதியும் மட்டும்தான். வியாழக்கிழமையும் அங்கேயே போனார்கள். அன்றைக்கு அவருக்கு மூச்சு வாங்கியது. பெஞ்சில் சாய முடியவில்லை, முன்னால் குனிந்து முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தார். கால் வீங்கி, செருப்பின் வார் பதிந்திருந்தது.

"வேண்டாங்க. இப்பவே சம்சுகிட்டப் போயிருவோம்" என்றாள் ரஞ்சனி.

"இன்னும் ஒரு நாளு. இம்புட்டுத் தூரம் வந்துட்டு விடச் சொல்றியா? கணக்கு என்ன சொல்லுது?"

அவள் ஒவ்வொரு நாளும் அளந்துதான் கொடுத்தாள். காப்பி, குழம்பு, மோர் எல்லாம் கணக்கில் உண்டு. "நாளைக்குக் காலையில அறுபத்தஞ்சே கால் வரணும்."

"அப்ப சரியாத்தான போகுது" என்றார்.

வெள்ளிக்கிழமை தராசுக்கடையில் எள் போட இடமில்லை. காத்திருக்கும் கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள், மேலே கேமரா, நடுவில் கடிகாரம். அத்தனை சனமும் வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்து, அடக்கிக்கொண்டு, காலை மாற்றி மாற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து கழிவறைக்கு ஓடும்போது மற்றவர்கள் பாவம்போலப் பார்த்தார்கள். முனீஸ் மட்டும் அசையாமல் இருந்தார். அவருக்கு மூச்சுவிடுவதே வேலையாக இருந்தது. உதட்டில் நீலம் பாய்ந்திருந்ததை ரஞ்சனி பார்த்தாள். பார்த்தும் பேசாமல் இருந்தாள். இன்னும் ஒரு மணி நேரம், அரை மணி நேரம் என்று கடிகாரத்தை விரட்டிக்கொண்டிருந்தாள்.

எடை போடுகிறவள் ஜெபகனி. பக்கத்துத் தெருக்காரிதான். தராசு மேடையில் வெறுங்காலோடு நிற்க வேண்டும், பாதம் வழியாகச் சின்னதாக மின்சாரம் ஓடி, உடம்பில் இரும்பையோ கல்லையோ கட்டியிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீரை மட்டும் அது உடம்பு என்றே எடுத்துக்கொள்ளும்.

முனீஸ் ரஞ்சனியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பிறகு கையை எடுத்துவிட்டுத் தனியாக நின்றார். எண் ஓடி நின்றது. அறுபத்தேழு, நானூறு.

ரஞ்சனி இரண்டு தடவை பார்த்தாள். அவள் போட்ட கணக்கைவிட இரண்டு கிலோவுக்கு மேல் அதிகம். அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றியது என்ன என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சந்தோஷம்தான். கொஞ்சம் முட்டை கொடுத்ததில் சதை பிடித்திருக்கிறது என்றுகூட நினைத்தாள். முனீஸ் எண்ணைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபகனி குனிந்து அவர் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"இது என்னக்கா?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

ரஞ்சனி அவளைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தாள். "மக வந்திருக்காம்மா. ஏழு மாசம்."

ஜெபகனி எழுந்துகொண்டாள். "தராசு சொல்றதத்தான் நான் எழுதணும்" என்று எழுதினாள். "சீக்கிரம் கூட்டிட்டுப் போங்கக்கா."

ஆட்டோவில் அவர் இருமினார். கைக்குட்டையில் இளஞ்சிவப்பாக நுரை. டயாலிசிஸ் கூடத்து வாசலில் சக்கர நாற்காலியோடு வந்த சம்சுதீன், வழக்கப்படி முதலில் தன்னுடைய தராசில் ஏற்றினான். ஏற்றிவிட்டுக் கத்தினான்.

"ஒம்பதரை கிலோவாக்கா! ஏழுன்னு தானே சொன்னீக?"

"ஏழுதான் தம்பி. நான் அளந்துதான் குடுத்தேன்."

"அப்ப இது எங்கிருந்து வந்துச்சு?"

"எனக்குத் தெரியல தம்பி. சத்தியமா அளந்துதான் குடுத்தேன்."

ஆக்சிஜன் வைத்தார்கள். ஊசி குத்தினான், மிஷின் ஓட ஆரம்பித்தது. முனீஸ் முகமூடிக்குள்ளிருந்து எதையோ சொல்ல வந்தார், ரஞ்சனி காதை வைத்தும் புரியவில்லை. பேசாதீங்க, எல்லாம் முடிஞ்சிருச்சு, ரெண்டரை லிட்டர் கெடச்சிருச்சு என்று அவர் நெற்றியைத் தடவினாள். அரை மணி நேரத்தில் இதயம் நின்றது. சம்சுதீன் நெஞ்சில் ஏறி அமுக்கிக்கொண்டே அழுதான். ஒன்றும் நடக்கவில்லை.

நெஞ்சுவலி என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று. மகிக்கும் அதையேதான் சொன்னார்கள். சம்சுதீன் மகி இருந்த பக்கமே திரும்பாமல் ஒரு மூலையில் நின்றுவிட்டுப் போனான். நீர்மாலை எடுக்க உப்புத்தண்ணீர்தான். அதைக் கொண்டுதான் குளிப்பாட்டினார்கள். துக்கம் கேட்க வந்த ஜெபகனி ரஞ்சனியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் பங்கு அடுத்த எடை வரைக்கும் வரும்க்கா. நடு மாசத்துல நிறுத்தச் சட்டமில்ல" என்றாள். ஆறுதல் சொல்வதற்கு அவளிடம் வேறென்ன இருக்கிறது?

ஐந்தாம் நாள் காலையில் சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஆறு மணிக்குக் குழாயில் நாலு லிட்டர் வந்து நின்றது. ரஞ்சனியின் ஒன்றரை, இல்லாத மனுஷனின் இரண்டரை. அவள் தம்ளரை நிரப்பிக்கொண்டு மகியிடம் போனாள். மகி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இரண்டு நாளாகச் சரியாகக் குடிக்கவில்லை.

"எந்திரிம்மா. குடி."

"வேண்டாம்."

"வயித்துல பிள்ளை இருக்கு. இப்படிப் பண்ணாத."

மகி எழுந்து உட்கார்ந்தாள். அழுது அழுது முகம் உப்பியிருந்தது. "இது அப்பாவோட தண்ணிதானே? அவரு இருந்தப்ப டிரம்மப் பூட்டி வச்ச. எலுமிச்சையச் சப்பிக்கிட்டுக் கெடந்தாரு. கடைசி வரைக்கும் அந்த மனுசன தாகத்துலயே வச்சிருந்தியேம்மா. இப்ப அவரு செத்த பெறகு அந்தத் தண்ணிய எனக்கு ஊத்துற. எப்படிம்மா இறங்கும்?"

ரஞ்சனி தம்ளரைப் பிடித்தபடி நின்றாள். பேருந்து நிலையத்தில் அவர் அண்ணாந்து குடித்தது கண்ணுக்குள் வந்தது. சொல்லிவிட வாயெடுத்தாள்.

"நானாச்சும் குடுத்தேன்" என்றாள் மகி. "அந்த ஒண்ணுதான் எனக்கு மனசுக்கு ஆறுதல்."

"என்ன குடுத்த?"

"தண்ணி. திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும், நீ கடைக்குப் போற நேரம் பாத்து, நாளுக்கு மூணு தம்ளர். என் பாட்டில்ல இருந்துதான், உன் டிரம்மத் தொடல. அப்பா மொதல்ல வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் விடல. தப்பாம மிஷினுக்குப் போய்ட்டுதானப்பா வாரீங்க, அது எல்லாத்தையும் எடுத்துரும், குடிங்கன்னேன். வாங்கிக் குடிச்சாரும்மா. ஒவ்வொரு தடவையும் கண்ணு கலங்கிருச்சு அவருக்கு. உங்கம்மாகிட்டச் சொல்லிராத, வைவான்னாரு."

நாலு நாள், நாளுக்கு மூன்று தம்ளர். தராசு கூடுதலாகக் காட்டிய அந்த இரண்டு கிலோ எங்கிருந்து வந்தது என்று ரஞ்சனி கணக்குப் போட வேண்டிய தேவையே இல்லை. மூன்று லிட்டர் குடிக்க வேண்டிய பிள்ளைத்தாய்ச்சி, கிடைத்த ஒரு லிட்டரிலும் பாதிக்குமேல் அப்பனுக்கு ஊற்றிவிட்டு, வெடித்த உதட்டோடு படுத்திருந்திருக்கிறாள். அவளுக்குத் தண்ணீர் வேண்டும் என்றுதான் அந்த மனுஷன் உடம்பில் தண்ணீரை ஏற்றிக்கொண்டார். மிஷினுக்குப் போகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண் ஒரு சொட்டுக் கொடுத்திருக்க மாட்டாள். அவரும் மகளிடம் உண்மையைச் சொல்ல முடியவில்லை, தாகத்தையும் அடக்க முடியவில்லை. தராசில் நின்று ஏன் தரையைப் பார்த்தார் என்பது இப்போது புரிந்தது.

"ஏம்மா பேசாம நிக்கிற? தப்பாம்மா? ஒருவேள நான் குடுத்ததாலதான்..." மகி வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

ரஞ்சனி கட்டிலில் உட்கார்ந்தாள். "மூணு தம்ளரா? நான் எப்பவாச்சும் கொப்பளிக்கக் குடுப்பேனே, அந்த அளவு. அத மிஷின் எடுத்திருக்கும், செவ்வாயும் வியாழனும் போனோமே. அவரு போனது நெஞ்சுவலியில. அதுக்கும் தண்ணிக்கும் சம்பந்தமில்ல."

"நெசமாவா?"

"நெசமாத்தான். சம்சுவே சொன்னான்."

மகி ஒரு நீண்ட மூச்சு விட்டாள். பயம் போன இடத்தில் மறுபடியும் கோபம் வந்து உட்கார்ந்தது. "அப்ப நீயும் குடுத்திருக்கலாம்ல? ஒரு நாளாச்சும் வயிறாரக் குடுத்திருக்கலாம்ல?"

"குடுத்திருக்கலாம்" என்றாள் ரஞ்சனி. "நான்தான் ரொம்பக் கறாரா இருந்துட்டேன்."

"நான் இத மறக்க மாட்டேன்மா."

"மறக்காத. இப்பக் குடி."

மகி தம்ளரை வாங்கிக்கொண்டாள். அம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து குடித்தாள். காலியானதும் திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டினாள். ரஞ்சனி அதை வாங்கி, அடுத்ததை ஊற்றினாள்.